எதிர் மெத்தையில் மாமா

ஜனவரி 11

சின்னவனுக்கு அக்கா எழுதுவது,

நெஞ்சு அடைப்பு எப்படி இருக்கிறது என்று முதலில் சொல். மற்ற கதையெல்லாம் பிறகு. ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக ஊரார் கையில் ரத்தம் எடுக்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். உனக்கு இதயத்தில் கோளாறு இல்லை. ஐந்து வருடம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

உனக்கு முடி வெட்டிவிடும் தோழி ஏதோ தியானக் கூட்டம் என்று சொன்னாளே, போனாயா? உன்னைப் போன்றவர்களுக்கு மட்டும் என்றுதானே சொன்னாய்? போ. சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்காதே. இதைப் போனில் கேட்டால் 'ம், ம்' என்று ஒப்பேற்றிவிடுவாய். அப்பா உன்னை வீட்டை விட்டு அனுப்பியபோது ஆரம்பித்த கடிதப் பழக்கம், அவர் கண்ணை மூடிய பிறகும் நம்மை விடவில்லை. நல்லதுதான்.

இங்கே மூன்றாவது முறையாகக் குழந்தைக்கான சிகிச்சை. மார்ச் கடைசியில் ஊசி ஆரம்பம். ஏப்ரல் மூன்றாம் வாரம் கருமுட்டை எடுப்பார்கள். என் உடம்புதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. உன் மாமா ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. இந்த மாதம் மருத்துவமனைக்கு அலைவதற்காக வெளியூர் வேலையைக்கூட நிறுத்திவைத்திருக்கிறார். அடுத்த மாதத்திலிருந்து பழையபடி ஒன்றுவிட்டு ஒரு வியாழன் உன் ஊருக்கு லிஃப்ட் சோதிக்க வருவார். ஒரே ஊரில் இருந்துகொண்டு நீங்கள் இருவரும் முகம் பார்க்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உன் விஷயம் தெரிந்த நாளிலிருந்து உன்னை 'மச்சான்' என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டார். மாறுவார். கொஞ்சம் பொறு.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

ஜனவரி 28

அக்காவுக்கு,

உடம்பு தேவலை. ராத்திரி தூக்கம் வருகிறது. இதைச் சொன்னால்தான் மேலே படிப்பாய் என்று தெரியும்.

போனேன். இரண்டு வியாழன் ஆகிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டும், அப்படி ஒரு மாடிப்படி. படியெல்லாம் செருப்பு. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இன்னும் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளாதவர்கள். வியாழன் மாலை ஆறரை.' அதைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு பிக்குணி மொட்டைத் தலையோடு எட்டிப் பார்த்தார். "அவுக்கத்தான் நேரம் ஆகும்னு பார்த்தா, நீங்க கட்டிக்கிட்டு இருக்கீங்களே," என்றார்.

அவர் முன்பு டவுன் பஸ் ஓட்டியவராம். எல்லாரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சின்னதாக ஒரு புத்தர் சிலை, இருபது மெத்தை, ஒரு வெண்கல மணி. அவ்வளவுதான் அறை. நாற்பது நிமிடம் மூச்சைக் கவனிக்க வேண்டும். அதில் கடைசிப் பத்து நிமிடம் வாழ்த்து. முதலில் நான் நலமாக இருக்கட்டும், அப்புறம் எனக்குப் பிரியமானவர், அப்புறம் எனக்கு ஆகாதவர். பிரியமானவர் நீதான். ஆகாதவர் யார் என்று கேட்காதே, கோபித்துக்கொள்வாய்.

யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கண்ணாடி தேய்க்கும்போது, யாராவது கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்களோ என்று தோளைத் தூக்கிக்கொண்டே இருப்பேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் தோள் என்று ஒன்று கீழேயும் இறங்கும் என்று தெரிந்தது. ஒரே ஒரு விதி: இங்கே பார்த்த முகம் இங்கேயே இருக்க வேண்டும். வெளியில் போய் யாரிடமும் சொல்லக் கூடாது.

உன் ரிப்போர்ட்டெல்லாம் என்ன சொல்கிறது? எழுது.
உன் சின்னவன்

பிப்ரவரி 8

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை வேலை இடத்திலேயே இரண்டு முறை படித்துவிட்டேன். வரிசையில் நின்ற பெரியவர், "ரத்தம் எடுக்குறீங்களா, இல்ல கடுதாசியைப் படிச்சு முடிச்சுட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் நன்றாக இருக்கிறேன். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது.

நீ தோளைப் பற்றி எழுதியதை உன் மாமாவிடம் சொன்னேன். எந்த இடம், எந்தக் கிழமை என்றெல்லாம் சொல்லவில்லை, பயப்படாதே. "தம்பி இப்ப நல்லா இருக்கான், நிம்மதியா உக்கார ஒரு இடம் கிடைச்சிருக்கு," என்றேன். அவர் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார்.

அடுத்த வியாழன் உன் ஊருக்கு வருகிறார். உன்னைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்க்க மாட்டார் என்று தெரியும். சொல்வது என் கடமை.

அக்கா

பிப்ரவரி 16

மாமாவுக்கு,

வீட்டுக்கு எழுத முடியாததால் உங்கள் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். கை வரவில்லை.

நேற்று நீங்கள் வந்தபோது நான் கண்ணை மூடியிருந்தேன். தாமதமாக யாரோ வந்து எதிரே உட்கார்ந்தது காலடியில் தெரிந்தது. கடைசியில் டிரைவரம்மா, "உங்களுக்கு ஆகாதவர் ஒருத்தரை மனசுல கொண்டுவாங்க, அவரும் நல்லா இருக்கட்டும்னு நினைங்க," என்றார். ஒவ்வொரு வாரமும் அந்த இடத்துக்கு நான் உங்களைத்தான் கொண்டுவருகிறேன். ஆறு வருடமாக என் கையைத் தொடாதவர், நான் வந்தால் அறையை விட்டு எழுந்து போகிறவர், அவரும் நலமாக இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். மணி அடித்தது. கண்ணைத் திறந்தேன். நீங்கள் எதிர் மெத்தையில் இருந்தீர்கள்.

பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். நினைப்பே உருவமாக வந்து உட்கார்ந்துவிட்டது என்று. பிறகு நீங்களும் கண்ணைத் திறந்தீர்கள். உங்கள் முகம் ரத்தமற்று வெளுத்ததைப் பார்த்தபோதுதான் நிஜம் என்று புரிந்தது.

படியில் ஓடிவந்து "மாமா" என்று கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, "நீங்க வேற யாரையோ நினைச்சுட்டீங்க," என்றீர்கள். என்னைப் பார்த்து, நீங்க என்று.

அப்படியே இருக்கட்டும். வேறு யாரோதான். அந்த வேறு யாரோவிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் என் அக்கா தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்ளப் போகிறாள். தன் உடம்புதான் குற்றவாளி என்று நினைக்கிறாள். உங்களுக்குத் தெரியும்தானே?

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

சௌக்கியம். இங்கே பருவம் தப்பி நல்ல மழை. கடையில் வேலை அதிகம். மாமா வந்து பார்க்கவில்லை, வருத்தப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னவன்

மார்ச் 5

தம்பிக்கு,

எழுதி எழுதிக் கிழித்ததில் இரண்டு வாரம் போய்விட்டது. நீ நலமாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை.

'வேறு யாரையோ நினைத்துவிட்டீர்கள்' என்று அன்று உன்னிடம் வாயால் சொல்லிவிட்டேன். உன் அக்காவிடம் பதினோரு வருடமாக வாயைத் திறக்காமல் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வெளியே யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இருந்ததும் இல்லை. அந்த அறை மட்டும்தான். இரண்டு வருடமாக வருகிறேன். மாதத்தில் இரண்டு வியாழன், எண்பது நிமிடம். நான் யாரையும் ஏமாற்றாமல் இருக்கிற நேரம் அந்த எண்பது நிமிடம்தான்.

உன்னை ஏன் ஒதுக்கினேன் என்று கேட்பாய். உன் விஷயம் வெடித்த அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன். உங்கள் அப்பா கத்தினார். உன் அக்கா உன் முன்னால் வந்து நின்று, "இவன் எப்படி இருக்கானோ அப்படியே என் தம்பி. பிடிக்காதவங்க என் வீட்டுக்கும் வர வேணாம்," என்றாள். அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதன் பிறகு உன் முகத்தைப் பார்த்தாலே, விட்டுவிட்ட அந்த நிமிடம்தான் தெரியும். அதனால் எழுந்து போவேன்.

சிகிச்சை என்று பேச்சு வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஊசியும் டாக்டரும் பார்த்துக்கொள்வார்கள், என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று. இதை எழுதும்போது எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவளிடம் சொல்லிவிடாதே. கொஞ்சம் அவகாசம் கொடு.

மார்ச் 15

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று கடையில் இரண்டு கண்ணாடியை உடைத்தேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று அதிர்ந்துபோய் இருக்கிறேன். உங்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. படாமல் இருக்கவும் முடியவில்லை. எனக்கும் அந்தப் பயம் தெரியும். ஆனால் நான் அந்தப் பயத்தில் யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நேற்று நீங்கள் வரவில்லை. டிரைவரம்மாவிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "ஒருத்தர இங்க பார்த்தேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி. சொல்லாம இருந்தா இன்னொருத்தர் உடம்பு புண்ணாகும். நான் என்ன செய்யட்டும்?" அவர் மெத்தைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "வெளிய சொல்லாதன்னுதான் சொன்னேன். அவர்கிட்டயே பேசாதன்னு சொல்லலையே. வண்டியை அவர்தான் நிறுத்தணும். நீ பக்கத்துல நின்னு கத்தலாம்."

கத்துகிறேன். ஊசி ஆரம்பிப்பதற்குள் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்குள்ளாவது. நான் அவளிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் என்னைக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 31

சின்னவனுக்கு,

உனக்கு என்ன ஆயிற்று? மழை, வேலை, சௌக்கியம். தந்தி அடிப்பதுபோல் எழுதுகிறாய். தியானத்துக்குப் போய்ப் பேச்சே மறந்துவிட்டதா? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

ஊசி ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நீலம் பாய்ந்திருக்கிறது. ஊராருக்கு வலிக்காமல் குத்தத் தெரிந்த எனக்கு, எனக்கே குத்திக்கொள்ளத் தெரியவில்லை. ஆனால் ஒரு நல்ல செய்தி. நேற்று காலை உன் மாமா சிரிஞ்சை வாங்கி, "நான் போடுறேன்," என்றார். போட்டு முடித்ததும் என் மடியில் தலையை வைத்து அழுதார், சின்னவனே. பதினோரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒரு மக்கு. இத்தனை நாள் இவர் ஒட்டாமல் இருக்கிறார் என்று உள்ளுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முட்டை எடுக்கும் நாள் நீ வர வேண்டும். இருவரும் என் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இந்த ஒரு ஆசை.

அக்கா

ஏப்ரல் 14

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேஜையில். அவள் சிரிஞ்சை எடுத்து வைத்திருந்தாள். "இன்னிக்கு வேணாம். நான் சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணு," என்றேன். சொன்னேன். அவள் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். "அன்னிக்கு என் மடியில அழுதீங்களே, அது இதுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அதுவரை அவள் அழவில்லை. அடுத்த கேள்வி, "சின்னவனுக்குத் தெரியுமா?" நான் பொய் சொல்லியிருக்கலாம். இனி ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. தெரியும் என்றேன். எந்த அறை, எந்த நாள் என்பது வரைக்கும் கேட்டாள், சொன்னேன். அப்போதுதான் உடைந்தாள்.

மருந்தையெல்லாம் குப்பையில் போட்டாள். என்னைப் போகச் சொன்னாள். கம்பெனி கொடுத்திருக்கும் அறைக்கு வந்துவிட்டேன். அவளைத் தனியாக விடாதே.

ஏப்ரல் 16

அக்கா,

கிளம்பி வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

மே 19

அக்கா,

நீ எடுக்காத போனுக்குக் கணக்கில்லை. உன் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டுப் பேசினேன். வேலைக்கு வருகிறாய் என்றார்கள். அதுவரை நிம்மதி.

எனக்கு அந்த அறையின் விதி பெரிதாக இருந்தது, நீ சின்னதாகிவிட்டாய் என்று நினைக்காதே. எழுத உட்காரும்போதெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாத ஒன்று பேனா முனையில் நிற்கும். அதைச் சுற்றிப் போய் மழையைப் பற்றி எழுதுவேன். நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். நீ அங்கே எரிந்துகொண்டிருக்கும்போது எனக்கு என்ன அமைதி வேண்டிக்கிடக்கிறது?

சின்னவன்

ஜூலை 7

சின்னவனுக்கு,

உடம்பு பரவாயில்லை. வயிற்றில் நீலம் போய்விட்டது.

மூன்று மாதமாக எழுதாதது உனக்குத் தண்டனை என்று நினைத்திருப்பாய். ஆமாம், தண்டனைதான். ஆனால் எழுத வரவும் இல்லை. முதல் வாரம் வேலையில் ஒரு பெண்ணுக்கு மூன்று முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. எனக்கு அப்படி ஆனதே இல்லை. அந்தப் பெண், "பரவால்ல மேடம், மெதுவா எடுங்க," என்றாள். ஓய்வறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

உன்னிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். உன்னை ஏற்றுக்கொண்டது எனக்குச் சுலபமாக இருந்தது. நீ என் தம்பி. எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நான் பெரிய மனசுக்காரி என்று எனக்கே பெருமை. இது என் படுக்கை. இங்கே என் பெரிய மனசு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் இருபதாம் தேதி உன் ஊருக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. அந்த மாடிக்குப் போய், எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்து எழுப்பி, 'இவர் என்னை என்ன செய்தார் தெரியுமா' என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். பஸ்ஸில் நான்கு மணி நேரம் அதையே ஒத்திகை பார்த்தேன்.

படியில் அவர் செருப்பு இருந்தது. கதவருகே உன் டிரைவரம்மா நின்றார்.

"இன்னிக்கு இந்த அறை அவங்களுக்கு மட்டும்மா," என்றார்.

"உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்."

"இருக்காரா இல்லையான்னு நான் சொல்லக் கூடாது."

"அந்தச் செருப்பு நான் வாங்கிக் கொடுத்தது."

அந்த அம்மா செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உள்ள விட முடியாது. யாராவது பார்த்துடுவாங்களோன்னு பயப்படாம அவங்க உக்காருற ஒரே இடம் இது. ஆனா உங்களை இப்படியே விட்டுட்டும் போக முடியாது," என்றார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே யாரிடமோ, "மணியை நீ அடிச்சிடு," என்று சொல்லிவிட்டு, சாத்திவிட்டு, செருப்புகளை ஒதுக்கி என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண வேணாம். கோபமா இருந்தா கோபமாவே உக்காருங்க."

உட்கார்ந்தேன். அமைதியெல்லாம் ஒன்றும் வரவில்லை. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் இருபது பேர் இருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. இப்போது எழுந்து கதவைத் தட்டலாம், இந்த அம்மாளால் என்னைத் தடுக்க முடியாது என்று நினைத்தேன். எழுந்தும்விட்டேன். அவர் தடுக்கவில்லை.

அப்போது உள்ளே ஒரு தும்மல். அடுத்தடுத்து மூன்று. உன் மாமா எப்போதும் மூன்று தும்முவார். வீட்டில் ஒவ்வொரு தும்மலுக்கும் 'ஸாரி' என்பார். என்னிடம், சுவரிடம், யாரும் இல்லாத அறையிடம்கூட. பதினோரு வருடமாகக் கேட்ட ஸாரி. அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை, சின்னவனே. கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை. யாரோ ஒரு ஆள் சிரிப்பதுபோல் இருந்தது. அவர் என்னிடம் சொன்னதைவிட அதுதான் எனக்குப் பெரிய அடி. நான் கதவைத் தட்டவில்லை. மணி அடிப்பதற்குள் இறங்கி வந்துவிட்டேன். அந்த அம்மா தெரு முனைவரை கூடவே வந்தார்.

அவரை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். என் பதினோரு வருடத்தை யார் தருவார்கள்? வக்கீலைப் பார்த்துவிட்டேன், அவரும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். சிகிச்சையை நிறுத்திவிட்டேன். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று தனியாக யோசிக்க வேண்டும். இதுவரை நான் அதைத் தனியாக யோசித்ததே இல்லை.

உன் மேலும் கோபம் போகவில்லை. ஆனால் அந்த மாடிக்குப் போகாமல் இருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த முட்டாள்தனத்தை நிறுத்து. எனக்காக யாரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். வியாழக்கிழமை போ.

சனிக்கிழமை இங்கே வா. பெரிய கட்டிலைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு ஒற்றைக் கட்டில் போடப் போகிறேன். நான்கு போல்ட்டும் துருப்பிடித்திருக்கிறது, என் ஒருத்தியால் முடியவில்லை. ஒரு பக்கத்தை நீ தூக்க வேண்டும். நான் பேச மாட்டேன். நீயும் பேச்சுக் கொடுக்காதே. வந்து தூக்கு, போதும்.

அக்கா